உங்கள் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் எது?

ஜூன் விடுமுறை நெருங்கும்போதே வாட்ஸ்அப் குழுக்களில் தியோமான் தீவின் பெயர் அடிபடத் தொடங்கிவிடும். கடற்பாலத்தைக் கடந்து மெர்சிங்வரை பேருந்து, அங்கிருந்து படகு. யார் யார் வருகிறார்கள், ஓர் அறைக்கு எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை வெள்ளி என்றெல்லாம் நள்ளிரவுவரை கணக்குப் போடுவோம். கடலில் இறங்கும்போது முகத்தில் எதை மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. “அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கலாம்” என்ற ஒரே வரியில் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அதன் விளைவு மறுநாள் காலையில் படகில் தெரியும். கடலில் குதித்த பத்துப் பேரில் இரண்டு மூன்று பேராவது கால் மணி நேரத்தில் ஏணியைப் பிடித்து மேலே வந்துவிடுவார்கள். கண் எரிகிறது, மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறுகிறது, தாடை வலிக்கிறது. மீதி நேரம் முழுவதும் துண்டைப் போர்த்திக்கொண்டு மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருப்பார்கள். வீடு திரும்பும்போது தங்களைப் பற்றி அவர்கள் ஒரு முடிவுக்கே வந்திருப்பார்கள்: “எனக்கும் கடலுக்கும் ஒத்துவராது.”

நான் கவனித்தவரை இவர்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியும். தொடக்கப்பள்ளியில் ஸ்விம்சேஃபர் வகுப்புக்குப் போய், மிதக்கவும் நீந்தவும் பழகியவர்கள்தாம். அவர்களைப் படகேற்றியது முகத்தோடு ஒட்டாத ஒரு சிலிக்கான் விளிம்பு. அரை மணி நேரம் முன்னதாகவே யோசித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று.

இதை வெறும் சொகுசுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. மாஸ்க்கினுள் நீர் புகுந்ததும் ஒருவர் முதலில் செய்ய நினைப்பது நிமிர்ந்து நிற்பது. ஆழம் குறைந்த இடமாக இருந்தால் கால் பவளத்தின் மேல் போய் நிற்கும். பவளம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரோ, சில சென்டிமீட்டரோதான் வளரும். ஒரு மிதியில் உடைவது பல ஆண்டு வளர்ச்சி. ஆழமான இடமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கால் எட்டாது, கண் தெரியாது, மூச்சு தாறுமாறாகும், வாயிலிருந்து குழாய் நழுவும். நல்ல நீச்சல்காரர்கூடப் பதறும் நேரம் அது.

கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்று

மாஸ்க் எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால் எது பொருந்தும் என்பதும் எளிதில் புரியும். நம் கண்ணுக்குள் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கண்ணின் முன்புறம் உள்ள கார்னியா என்ற ஒளிபுகு படலம். ஒளி காற்றிலிருந்து அந்தப் படலத்துக்குள் நுழைந்தால்தான் அந்த வேலை நடக்கும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. கார்னியாவின் எண்ணும் அதை ஒட்டியே இருப்பதால், தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் ஒளி வளைவதே இல்லை எனலாம். எல்லாம் மங்கலாகத் தெரிவது அதனால்தான். மாஸ்க் செய்வது ஒன்றே ஒன்று: கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கிறது.

இதற்கு ஒரு சுவையான விதிவிலக்கு உண்டு. தாய்லாந்தின் மேற்குக் கடலோரத் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களின் பிள்ளைகள் மாஸ்க் இல்லாமலே கடலடியில் சிப்பி பொறுக்குவார்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் அன்னா ஜிஸ்லேனும் குழுவினரும் அவர்களின் கண்பார்வையைச் சோதித்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நீருக்கடியில் அந்தப் பிள்ளைகள் ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரு மடங்குக்கும் மேலாக நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். கண்மணியை மிகச் சிறிதாகச் சுருக்கிக்கொள்வது அவர்களின் உத்தி. பயிற்சி கொடுத்தால் ஐரோப்பியப் பிள்ளைகளாலும் அதைப் பழகிக்கொள்ள முடிந்தது என்பது பிறகு தெரியவந்தது. நமக்கோ மூன்று நாள் விடுமுறைதான். மாஸ்க்கே வழி.

நீச்சல் குளத்தில் போடும் கண்ணாடி போதாதா என்று பலர் கேட்கிறார்கள். மேற்பரப்பில் மிதந்தபடி பார்க்க மட்டும் அது ஓரளவு உதவும். ஆனால், மூக்கு வெளியே இருக்கும். ஓர் அலை அடித்தால் மூக்கில் தண்ணீர். இரண்டு மீட்டர் கீழே போனால் நீரின் அழுத்தம் கண்ணாடியை முகத்தோடு அமுக்கும். மாஸ்க் என்றால் மூக்கு உள்ளே இருப்பதால், மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை ஊதி அந்த அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளலாம். குளத்துக் கண்ணாடியில் அதற்கு வழியே இல்லை.

இன்னொரு விஷயம். மாஸ்க் வழியே பார்க்கும்போது பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகிலும் தெரியும். நான்கு மீட்டர் தொலைவில் உள்ள ஆமை மூன்று மீட்டரில் இருப்பதுபோல் இருக்கும். நண்பர்கள் சொல்லும் ஆமைக் கதைகளையும் அந்தக் கணக்கில் கழித்துக்கொண்டே கேட்க வேண்டும்.

கடையில் பத்து நிமிடம்

மாஸ்க் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்த்துவிட்டு வெளியே வருபவர்கள்தாம் அதிகம். விலை கூடினால் நன்றாகப் பொருந்தும் என்பது தவறான எண்ணம். இருநூறு வெள்ளி மாஸ்க் உங்கள் முகத்தில் ஒழுகலாம். நாற்பது வெள்ளி மாஸ்க் அச்சில் வார்த்ததுபோல் உட்காரலாம். காலணியைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவோமா? முகத்தின் மேடுபள்ளங்கள் பாதத்தைவிட அதிகம்.

பொருத்தத்தைச் சோதிக்கும் முறை இதுதான். பின்வாரை மாஸ்க்கின் முன்பக்கமாகத் தள்ளிவிட்டு, நெற்றியிலும் காதோரத்திலும் உள்ள முடியை ஒதுக்குங்கள். தலையை அண்ணாந்து, மாஸ்க்கை முகத்தின் மேல் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். கூட வந்திருப்பவரைச் சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். சிலிக்கான் விளிம்பு எல்லா இடத்திலும் தோலைத் தொடுகிறதா? நெற்றிப் பொட்டின் ஓரம், கன்ன எலும்புக்குக் கீழே, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஆகிய மூன்று இடங்களில்தான் இடைவெளி விழும்.

அடுத்து மூக்கு வழியாக மெல்ல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனியுங்கள். கையை எடுத்த பிறகும் மாஸ்க் விழாமல் சில விநாடிகள் நிற்க வேண்டும். இங்கேதான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். பிடித்த நிறம் கையில் கிடைத்துவிட்டதே என்று முழுப் பலத்தோடு உறிஞ்சுவார்கள். அப்படி உறிஞ்சினால் எந்த மாஸ்க்கும் ஒட்டிக்கொள்ளும். மல்லிகைப் பூவை முகர்வதுபோல் இழுத்தால் போதும். அந்த அளவுக்கே நின்றால்தான் அது உங்கள் மாஸ்க்.

சோதனை அங்கே முடிந்துவிடவில்லை. ஸ்நோர்கல் குழாயின் வாய்ப்பகுதியை வாயில் வைத்துக்கொண்டு அதையே மறுபடியும் செய்யுங்கள். வாய் திறந்ததும் கன்னமும் மேலுதடும் இடம் மாறும். வாய் மூடியிருந்தபோது கச்சிதமாக இருந்த மாஸ்க் இப்போது கழன்று விழுவதைப் பார்க்கலாம். கடலில் எந்நேரமும் அந்தக் குழாய் வாயில் இருக்கும் என்பதால், முதல் சோதனையைவிட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கடைசியாக வாரை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கடைக்குள்ளேயே நடமாடுங்கள். யார் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. மாஸ்க்கின் கெட்டியான பிளாஸ்டிக் சட்டம் நெற்றியிலோ, இரு புருவங்களுக்கு நடுவே மூக்குத்தண்டிலோ இடிக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். கடையில் லேசான உறுத்தலாக இருப்பது கடலில் இருபதாவது நிமிடத்தில் தலைவலியாக மாறும்.

‘ஆசிய முகங்களுக்கு ஏற்றது’ என்று குறிப்பிட்டு விற்கப்படும் மாஸ்க்குகள் உண்டு. பெரும்பாலும் மூக்குத்தண்டு தாழ்ந்த, கன்னம் அகன்ற முகங்களை மனத்தில் வைத்து அவை வடிவமைக்கப்படுகின்றன. நாமும் ஆசியர்கள்தாம். ஆனால், நம் மூக்குகள் அந்தப் பெட்டிக்குள் அடங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வேறு எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது என்பதும் உண்மை. எனக்குப் பொருந்தும் மாஸ்க் என் தம்பியின் மூக்கில் உட்காரவே மறுக்கிறது. ஒரே அம்மா, ஒரே அப்பா. அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைவிட மல்லிகைச் சோதனையையே நான் நம்புவேன்.

பொருளின் தரத்தில் இரண்டை மட்டும் கவனித்தால் போதும். விளிம்பு மென்மையான சிலிக்கானாக இருக்க வேண்டும். விலை குறைந்த பிவிசி விளிம்பு விறைப்பாக இருப்பதால் முகத்தின் வளைவுகளோடு இழையாது. கண்ணாடியில் ‘டெம்பர்ட்’ என்று பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது உடைந்தால் கூரான சில்லுகளாகச் சிதறாமல் சிறு துண்டுகளாக உதிரும் கண்ணாடி. பொம்மைக் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் கண்ணாடி மாஸ்க்கை உங்கள் மாமா வீட்டு வாண்டுகளுக்கு விட்டுவிடுங்கள்.

மீசை, பின்னல், தேங்காய் எண்ணெய்

நல்ல மாஸ்க்கும் ஒழுகும். பெரும்பாலும் அதன் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும். ஒற்றை முடி போதும், அதன் வழியே நீர் கசியத் தொடங்கிவிடும்.

மீசைக்காரர்களுக்கு இது தீராத் தொல்லை. மாஸ்க்கின் கீழ்விளிம்பு மூக்குக்குச் சற்றுக் கீழே, மேலுதட்டில்தான் உட்காரும். அங்கேதான் மீசை ஆரம்பிக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு ஆசையாக வளர்த்த மீசையை முழுவதும் எடுக்கச் சொன்னால் யாருக்கும் மனம் வராது. எடுக்கவும் வேண்டாம். மூக்கை ஒட்டி மெல்லிய ஒரு கோடு அளவுக்கு மழித்தால் விளிம்பு உட்கார இடம் கிடைத்துவிடும். அதற்கும் மனமில்லாதவர்கள் முக்குளிப்புக் கடைகளில் கிடைக்கும் சிலிக்கான் கிரீஸை மீசையில் லேசாகத் தடவலாம். வாசலினைத் தடவாதீர்கள், பெட்ரோலியப் பொருள்கள் நாளடைவில் விளிம்பைக் கெடுத்துவிடும்.

பெண்களுக்குப் பின்னல். உச்சிக்கொண்டையும் குதிரைவால் கொண்டையும் மாஸ்க் வாருக்குப் பகை. தலையின் பின்புறம் மிகவும் புடைத்திருக்கும் இடத்தில் வார் படிய வேண்டும். கொண்டை அங்கே இருந்தால் வார் மேலேயோ கீழேயோ நழுவும். கழுத்தோரத்தில் தாழ்வாகப் பின்னிக்கொள்வதே நல்லது. வெறும் சிலிக்கான் வார் நீளமான முடியைப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஒரு கொத்து முடி அதோடு வரும். வாரின் மேல் போடும் துணியுறை சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. நான் இதுவரை கடலுக்காக வாங்கியவற்றில் மிகவும் பயனுள்ளது அதுதான்.

நீச்சல் ஹிஜாப் அணியும் தோழிகளுக்கும் அதே விதிதான். துணி விளிம்புக்கு அடியில் போனால் திரிபோல் நீரை உள்ளே இழுக்கும். நெற்றித் துணியைச் சற்றே மேலே ஏற்றி, மாஸ்க்கை நேரடியாகத் தோலில் வைத்து, வாரைத் துணிக்கு மேலே போட்டால் பிரச்சினை தீர்ந்தது. மூக்குத்தி மாஸ்க்கின் மூக்குப் பகுதிக்குள் அடங்கிவிடும். கூரான கல் வைத்ததாக இருந்தால் மட்டும், காது அடைப்பை நீக்க மூக்கைப் பிடித்து அழுத்தும்போது குத்தும்; அன்று ஒருநாள் தட்டையான மூக்குத்தி போதும்.

அம்மா தலையில் தேய்த்து அனுப்பும் தேங்காய் எண்ணெயும், வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீனும் இதே கூட்டணியைச் சேர்ந்தவை. நெற்றியில் பூசிய சன்ஸ்கிரீன் உருகி மாஸ்க்கினுள் வழிந்தால் கண் மிளகாய் பட்டதுபோல் எரியும். விளிம்பு படியும் இடத்தை விட்டுவிட்டுக் கழுத்துக்கும் கைகால்களுக்கும் பூசுங்கள். முதுகுக்கு முழுக்கை நீச்சல் சட்டையைவிடச் சிறந்த சன்ஸ்கிரீன் கிடையாது. “கறுத்துப் போயிடுவே” என்ற வீட்டாரின் கவலைக்கும் அதுவே பதில்.

இத்தனைக்குப் பிறகும் நீர் கசிந்தால் நாம் செய்வது வாரை இறுக்குவது. அங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடங்கி, கசிவு கூடும். முகத்தில் சிவந்த வளையம் வேறு. வாரின் வேலை மாஸ்க்கை இடத்தில் வைத்திருப்பது மட்டுமே. அதை முகத்தோடு ஒட்டவைப்பதை நீரின் அழுத்தம் பார்த்துக்கொள்ளும்.

கண்ணாடி போடுபவர்கள்

கிட்டப்பார்வை மிக அதிகமாக உள்ள நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று என்பதை வகுப்பறையில் ஒரு முறை திரும்பிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். சாதாரண மூக்குக்கண்ணாடியை மாஸ்க்குக்குள் போட முடியாது. அதன் காது கொம்புகள் விளிம்பைத் தூக்கிவிடும். மூக்குக்கண்ணாடி இல்லாமல் போனால் கடலடி முழுவதும் நீர்வண்ண ஓவியம் போலக் கரைந்து தெரியும்.

கான்டாக்ட் லென்ஸோடு இறங்குபவர்கள் பலர். கண் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. நீரில் உள்ள அகந்தமீபா போன்ற நுண்ணுயிரிகள் லென்ஸுக்கும் விழிக்கும் நடுவே தங்கினால் பார்வையையே பாதிக்கக்கூடிய தொற்று வரலாம். இதற்கு எளிய மாற்று உண்டு. இரண்டு தனித்தனிக் கண்ணாடிகள் கொண்ட மாஸ்க்குகள் பலவற்றில் அவற்றைக் கழற்றிவிட்டு, பவர் உள்ள ஆயத்தக் கண்ணாடிகளைப் பொருத்தலாம். அவை அரை அரை அளவாகக் கிடைக்கும். இடக்கண்ணுக்கு 3.0, வலக்கண்ணுக்கு 4.5 என்று தனித்தனியாக வாங்கலாம். உருச்சிதைவுப் பார்வை உள்ளவர்களுக்கு இந்த ஆயத்தக் கண்ணாடி முழுத் தீர்வாகாது. ஆனாலும், மீனை மீனாகப் பார்க்க அது பெரும்பாலும் போதும். எனவே, பவர் உள்ளவர்கள் மாஸ்க் வாங்கும் முன்பே, அந்த வகைக்குப் பவர் கண்ணாடி கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது.

குழாயும் தாடையும்

ஸ்நோர்கல் குழாயைப் பற்றி ஒரு சந்தேகம் எல்லாருக்கும் சிறு வயதில் வந்திருக்கும். குழாயை இன்னும் நீளமாகச் செய்தால் ஆழத்திலிருந்தே மூச்சு விடலாமே? முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீர் நெஞ்சுக்கூட்டை அமுக்கத் தொடங்கிவிடும்; மேற்பரப்புக் காற்றை உள்ளே இழுக்கும் வலு நம் மூச்சுத் தசைகளுக்கு இல்லை. அதோடு, நாம் வெளியே விட்ட பழைய காற்றே நீண்ட குழாயில் தங்கி, அடுத்த மூச்சில் திரும்ப உள்ளே வரும். குழாய்கள் ஒரு சாதாரண அடிக்கோலின் நீளத்தைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுதான். மிதக்கும்போது மெதுவாக, ஆழமாக மூச்சுவிட வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். அவசர அவசரமாக மேல்மூச்சு வாங்கினால் குழாயில் உள்ள பழைய காற்றைத்தான் மாற்றி மாற்றிச் சுவாசிப்போம்.

பொருத்தத்தைப் பொறுத்தவரை குழாயின் வாய்ப்பகுதிதான் முக்கியம். அது பெரிதாக இருந்தால் ஈறு புண்ணாகும். சிறிதாக இருந்தால் கடித்துக்கொண்டே இருப்பதில் தாடை நோகும். பற்களுக்குக் கம்பி போட்டிருக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மென்மையான சிலிக்கான் வாய்ப்பகுதியாகப் பார்த்து எடுங்கள். பற்களால் கடிக்காமல் உதடுகளால் சுற்றி மூடினாலே நீர் உள்ளே வராது. அதன்பிறகும் தாடை வலித்தால், குழாயை மாஸ்க் வாரோடு பிணைக்கும் கொக்கியைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகர்த்திப் பாருங்கள். கோணம் தப்பினால் குழாய் வாயை ஒரு பக்கமாக இழுக்கும். அது மாஸ்க்கையும் இழுக்கும். மாஸ்க் ஒழுகுகிறது என்று நாம் சொல்வதில் பாதி உண்மையில் இந்தக் கொக்கியின் குற்றம்.

வாய்க்குழாயே வேண்டாம் என்பவர்களுக்கு முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் இருக்கிறது. டெகத்லான் நிறுவனம் 2014இல் ‘ஈசிபிரெத்’ என்ற பெயரில் அதை அறிமுகப்படுத்திய பிறகு உலகெங்கும் பரவியது. 2020 மார்ச்சில் கொவிட் உச்சத்தில் இருந்தபோது இத்தாலியின் பிரெஷா நகரில் இசின்னோவா என்ற நிறுவனம் முப்பரிமாண அச்சில் ஒரு சிறு இணைப்பைச் செய்து, அதே கடல் மாஸ்க்கை மருத்துவமனையில் சுவாசக் கருவியின் முகக்கவசமாக மாற்றியது. பொறியியல் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய கதை.

அதனால் கடலிலும் எனக்கு அது பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். மூக்கும் வாயும் ஒரே அறைக்குள் இருப்பதால், நீர் புகுந்தால் ஊதி வெளியேற்ற முடியாது. கழற்றித்தான் ஆக வேண்டும். மூக்கைப் பிடித்துக் காதடைப்பை நீக்கவும் முடியாது, ஆகவே கீழே போக உதவாது. காற்றுப்பாதையைச் சரியாகப் பிரிக்காத மலிவான நகல்களில் கரியமில வாயு தேங்கும் அபாயமும் உண்டு. அமைதியான நீரில், கரையோரமாக, மேலே மட்டும் மிதக்க விரும்புபவருக்கு அது போதும். வாங்குவதானால் நாடியிலிருந்து மூக்குத்தண்டுவரை அளந்து, நிறுவனத்தின் அளவுப் பட்டியலைப் பார்த்து வாங்க வேண்டும்.

காலும் மிதவைச் சட்டையும்

காலில் போடும் துடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குதிகால் தூக்கிக்கொள்ளக் கூடாது, விரல்கள் நெருங்கி மடங்கக் கூடாது. ஈரக்காலில் போட்டுப் பாருங்கள். தளர்வாக இருந்தால் கொப்புளம், விறைப்பாக இருந்தால் கெண்டைக்கால் பிடிப்பு. மெல்லிய நீச்சல் காலுறை இரண்டுக்கும் ஓரளவு மருந்து. பவளம் உடைகிறது என்பதால் சில படகுக்காரர்கள் துடுப்பே தருவதில்லை. அதில் எனக்கு மனக்குறை இல்லை.

மிதவைச் சட்டைதான் பலரும் கவனிக்காத ஒன்று. மலேசியத் தீவுகளில் படகுப் பயணத்துக்குப் போனால் கையில் கொடுத்துவிடுவார்கள். அளவு பெரிதாக இருந்தால் நீரில் இறங்கியதும் அது காதுவரை ஏறிவந்து குழாயை முட்டும், மாஸ்க்கைச் சாய்க்கும். அப்புறம் என்ன, கசிவுதான். கொக்கிகள் அனைத்தையும் பூட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை நாடியை இடித்தால் சிறிய அளவைக் கேட்டு வாங்குங்கள்.

எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

தீவு ஒன்றில் கடற்கரைக் கடையில் ஒரு நீலத் தொட்டி நிறைய மாஸ்க்குகள் கிடந்தன. போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டபோது, கடைக்காரர் மேலே கிடந்ததை எடுத்து நீட்டி, “சமா சாஜா” என்றார். எல்லாம் ஒன்றுதானாம். என்னோடு வந்த தோழி அதைப் போட்டுக்கொண்டு இறங்கி, ஐந்து நிமிடத்தில் கண்ணீரும் கடல்நீருமாக வந்தாள். அதே தொட்டியை அடிவரை கிளறி, மூக்கு வழியே மெல்ல இழுத்து இழுத்துப் பார்த்ததில் ஏழாவதோ எட்டாவதோ அவள் முகத்தில் நின்றது. அன்று மதியம் அவளைத் தண்ணீரிலிருந்து வெளியே வரவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

மாணவர் பணப்பைக்கு என் யோசனை இது: மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். முடிந்தால் குழாயையும், ஊரார் வாயில் இருந்ததை வைத்துக்கொள்ள யாருக்கும் ஆசை இருக்காது. துடுப்பும் மிதவைச் சட்டையும் வாடகையே போதும். கொண்டுபோவது சுமை, வாங்குவது செலவு, பொருத்தம் பார்ப்பது எளிது. நாற்பது ஐம்பது வெள்ளிக்கு நல்ல சிலிக்கான் மாஸ்க் வாங்கிவிடலாம். ஏழெட்டு கோப்பை பபிள் டீயின் விலை. சரியாக வைத்துக்கொண்டால் பட்டம் வாங்கும்வரை உழைக்கும்.

புதிய மாஸ்க்கில் ஒரு வேலை பாக்கி இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கும். அதில் மூச்சுக்காற்றின் ஈரம் பனிபோல் ஒட்டும். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையை விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று முறை. கண்ணாடியில் சிறப்புப் பூச்சு இருப்பதாகக் குறிப்பேட்டில் சொல்லியிருந்தால் மட்டும் தேய்க்க வேண்டாம். கடலில் இறங்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பூவை நீரில் கலந்து தடவி, லேசாக அலசினால் போதும். ஷாம்பூ இல்லாதபோது அனுபவசாலிகள் எச்சிலைத் தடவுகிறார்கள். அருவருப்பாகத் தோன்றினாலும் வேலை செய்கிறது.

மாஸ்க்கைச் சோதிக்க மெர்சிங் படகுத்துறைவரை போகத் தேவையில்லை. சில நீச்சல் குளங்களில் மாஸ்க்கையும் குழாயையும் அனுமதிப்பதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லை என்றால் குளியலறையில் ஒரு பெரிய வாளி போதும். நீரை நிரப்பி, குழாயை வாயில் வைத்து, முகத்தை அமிழ்த்தி ஐந்து நிமிடம் மூச்சுவிட்டுப் பாருங்கள். எங்கே கசிகிறது, எங்கே அழுத்துகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். உள்ளே நீர் புகுந்தால் வெளியேற்றவும் அங்கேயே பழகலாம்: முகத்தைச் சற்றே மேல்நோக்கித் திருப்பி, மாஸ்க்கின் மேல்விளிம்பை விரல்களால் அழுத்திக்கொண்டு மூக்கு வழியே சீராக ஊதினால் நீர் கீழ்விளிம்பு வழியாகப் போய்விடும். வேண்டுமென்றே கொஞ்சம் நீரை உள்ளே விட்டு, நான்கைந்து முறை ஊதிப் பழகியவருக்குக் கடலில் கசிவு ஒரு பொருட்டே இல்லை. வாளிக்குள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்டு வீட்டில் கதவைத் தட்டுவார்கள். முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயில் சிலிக்கானுக்கு ஆகாது. வாங்கும்போது வந்த கெட்டி டப்பாவைத் தூக்கி எறியாமல் அதிலேயே போட்டு வையுங்கள். துணிகளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தால் விளிம்பு அப்படியே கோணிக்கொள்ளும். கோணிய விளிம்பு அடுத்த ஜூன் மாதத்தில் யார் முகத்திலும் உட்காராது.